கீரையில் தொடங்கிய கேன்சர் மருந்து: மெட்ராஸில் படித்த டாக்டர் சுப்பாராவின் கதை

ஸ்ரீரங்கம் கோயில் வாசலில் வாழைப்பழம் விற்றால் நாலு காசு பார்க்கலாம். இதை லால்குடி பக்கத்து வாழை விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு வருஷங்களுக்கு முன்பு, ஆந்திராவின் பீமாவரத்தில் 13 வயதுப் பையன் ஒருவனும் இதே கணக்கைத்தான் போட்டான். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். அம்மா திரும்பக் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

அந்தப் பையன்தான் எல்லப்பிரகட சுப்பாராவ். இன்று உலகம் முழுக்க கேன்சருக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குப் பின்னால் இருப்பவர்.

மஞ்சள் சாப்பிட்டால் கட்டிக்கு ரத்தம் போகாது, கிரீன் டீ குடித்தால் கேன்சர் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ்கள் சுற்றுகின்றன. அதில் எவ்வளவு நிஜம் என்று புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கை உதவும்.

மெட்ராஸில் என்ன நடந்தது?

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12. அப்பா சீக்கிரமே இறந்துவிட, நகையை விற்றுத்தான் அம்மா படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் பாஸ். பிறகு பிரசிடென்சி கல்லூரி, அடுத்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி.

காந்தியின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் தியேட்டருக்கும் கதர் கவுன் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். மட்டும்தான் கையில் கிடைத்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் வீட்டில் பெரிய இடி விழுந்தது. அண்ணன் தம்பிகளில் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற நோயில் இறந்தார்கள். சாப்பிடும் சத்து குடலில் ஒட்டாமல், ரத்தம் குன்றி, உடம்பு உருகிப்போகும் நோய் அது. சுப்பாராவுக்கும் வந்தது, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடமும் நடத்தினார். எந்தச் சத்து குறைந்ததால் அவர்கள் இறந்தார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கீரையில் இருந்த விடை

1922-ல், கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். படிப்புச் செலவுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் மலப் பாத்திரம் கழுவும் வேலையும் அதில் சேர்த்தி. மகன் பிறந்து, கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஹார்வர்டில் ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்து கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவர் குழு, ஃபோலிக் ஆசிட்டை 1945-ல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. இலை என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கீரையில் தாராளமாக இருக்கும் வைட்டமின். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் அதே சத்து. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது கைகொடுத்தது. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து அவர் ஆய்வகத்திலிருந்தே வந்தது, கால் நூற்றாண்டு தாமதமாக.

நல்ல சத்து, கெட்ட விளைவு

இதே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை; வேகமாகியது. உடம்புக்கு நல்லது செய்யும் சத்து, கேன்சர் செல்லுக்கும் தீனி போட்டுவிட்டது.

அப்போ அந்தத் தீனியை நிறுத்தினால்? சுப்பாராவ் குழு ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் கொண்ட போலிகளைத் தயாரித்தது. செல் அதை நிஜம் என்று நம்பி உள்ளே எடுக்கும்; புது டி.என்.ஏ. செய்ய முடியாமல் நின்றுபோகும். முதலில் வந்தது அமினோப்டெரின். 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதற்கு முன்பு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பலன் தரும் மருந்து இல்லை. அடுத்து வந்த தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் வந்ததே.

அதே 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பு. ஊருக்குத் திரும்பவில்லை, மனைவியை மறுபடி பார்க்கவில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை.

ரத்தக் குழாய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஃபார்பர் வேலை பார்த்த அதே பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 1971-ல் ஜூடா ஃபோக்மேன் என்ற சர்ஜன் ஒரு கருத்தை முன்வைத்தார். கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, அதற்குப் புது ரத்தக் குழாய் வேண்டும்; அதைத் தடுத்தால் கட்டி வளராது. மஞ்சளின் குர்குமின், கிரீன் டீ, சோயா ஆகியவற்றில் உள்ள பொருட்களுக்கு இந்தத் தடுக்கும் குணம் இருப்பது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெரியவந்தது. வாட்ஸ்அப் மெசேஜின் மூலம் இதுதான். ஆனால் சாப்பிடும் குர்குமினில் மிகக் குறைவுதான் ரத்தத்தில் சேர்கிறது. ரசத்தில் போடும் மஞ்சள் கட்டியை அடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மெத்தோட்ரெக்சேட் கதை வேறு. குறைந்த டோஸில் அது புது ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் என்று ஆய்வகத்தில் தெரியவந்தது. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, தலை, கழுத்துப் பகுதியில் கேன்சர் முற்றிய நோயாளிகளுக்கு இதையும் ஒரு வலி மாத்திரையையும் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தது. 2020-ல் வந்த முடிவு: ஊசி மருந்து போட்டவர்கள் சராசரியாக 6.1 மாதமும், மாத்திரை எடுத்தவர்கள் 7.5 மாதமும் வாழ்ந்தார்கள். பக்கவிளைவும் குறைவு. குணமாகவில்லைதான், ஆனால் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கூடுதல் நாட்கள் கிடைத்தன.

கவனிக்க வேண்டியது என்ன?

கீரையும் மஞ்சளும் தினசரி சாப்பாட்டில் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவற்றை நம்பி சிகிச்சையை நிறுத்துவது ஆபத்து. கேன்சர் சிகிச்சையில் இருப்பவர்கள் சத்து மாத்திரையைக்கூட டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்கணும். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அது வாரம் ஒருமுறை மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வயதானவர்கள் இதை எடுத்தால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.