எல்லைக்கோட்டின் இரு பக்கமும் கண்ட நேசமணி

புதுடெல்லி: மாநிலங்களின் எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு வழங்கும் இந்த அதிகாரத்தால் கன்னியாகுமரியைப் பெற்றவரும், அதே அதிகாரத்தால் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களை இழந்தவரும் ஒருவரே. அவர் மார்ஷல் ஏ. நேசமணி.

1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பள்ளியாடியில் பிறந்த நேசமணி, நாகர்கோவிலில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1947இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் இணைந்து, விரைவிலேயே அதன் தலைவரானார். தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கோரிக்கை. தெற்கில் தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரையிலான வட்டங்கள், செங்கோட்டை, மலைமீதுள்ள தேவிகுளம், பீர்மேடு, பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர் ஆகியவை அதில் அடங்கும்.

1952 பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருவிதாங்கூர்-கொச்சி சட்டப்பேரவையில் தமிழ் உறுப்பினர்கள் என்றும் சிறுபான்மையினரே. அங்கே வெல்ல இயலாத கோரிக்கைக்கு டெல்லியே தீர்வு தர இயலும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1954ஆம் ஆண்டு போராட்டம் உச்சத்தை எட்டியது. தோட்டத் தொழிலாளருக்கு ஆதரவாக, தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் 11ஆம் தேதி புதுக்கடையிலும் மார்த்தாண்டம் தொடுவெட்டியிலும் பட்டம் தாணுபிள்ளை அரசின் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30இல் அறிக்கை அளித்தது. தெற்கிலுள்ள நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னைக்கு வழங்க அது பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையினர் எனினும், அவர்களில் பெரும்பகுதியினர் நிலையாகக் குடியேறாத தோட்டத் தொழிலாளர் என்றும், மலைப்பகுதியின் வளம் புதிய மாநிலத்துக்குத் தேவை என்றும் ஆணையம் கருதியது. மொழி மட்டுமே எல்லையைத் தீர்மானிக்காது என்பதே அதன் நிலைப்பாடு.

எல்லை மாற்ற மசோதா குறித்துச் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும். ஆனால் அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1955 டிசம்பரில் நிறைவேறிய ஐந்தாவது திருத்தம், கருத்துக் கூறக் கால வரம்பு விதிக்கவும் வழிசெய்தது. அமெரிக்காவிலோ மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றி அதன் நிலப்பரப்பிலிருந்து புதிய மாநிலத்தை அமைக்க இயலாது. 1956 ஆகஸ்டில் மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியபோது, நிலத்தை இழக்கவிருந்த திருவிதாங்கூர்-கொச்சியில் குடியரசுத் தலைவர் ஆட்சியே நடந்துகொண்டிருந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தின் பகுதியாயிற்று. அதே நாளில், சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது. எல்லைக்கு அப்பால் விடப்பட்ட மொழிச் சிறுபான்மையினருக்காக, தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கும் தனி அதிகாரிக்கும் வகைசெய்யும் 350ஏ, 350பி பிரிவுகள் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டன.

பின்னர் காங்கிரஸில் இணைந்த நேசமணி, 1962இலும் 1967இலும் மீண்டும் மக்களவைக்குத் தேர்வானார். 1968 ஜூன் 1ஆம் தேதி மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நாகர்கோவில் தொகுதியில் 1969 இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர்.

1972இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளமும் பீர்மேடும் இடம்பெற்றன. பீர்மேடு வட்டத்திலுள்ள முல்லைப் பெரியாறு அணை, மாநிலங்களுக்கிடையிலான வழக்காக 131ஆவது பிரிவின் கீழ் உச்சநீதிமன்றம் சென்று, 2014இல் தீர்ப்புக் கண்டது. சித்தூரின் பாசனமோ பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தைச் சார்ந்து நிற்கிறது.

2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த தெலங்கானா மசோதாவை அடுத்த மாதமே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1956இல் குமரித் தமிழருக்குக் கைகொடுத்ததும், மூணாறு தொழிலாளரைக் கைவிட்டதும் அதே பிரிவுதான். கூட்டாட்சியில் மாநிலங்களின் குரலுக்கு எவ்வளவு எடை என்ற வினாவை எழுப்புவோர் நேசமணியின் வாழ்க்கையை இரு கோணங்களிலும் நோக்குவது நலம்.