சிறைக்குப் போன கடிதங்கள்
அல்ஹாஜ் மாலிக் ஷபாஸ் என்ற மால்கம் எக்ஸ் வரலாறு

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் வெள்ளானூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துப் பேசினார். அவருடைய பேரன் ஒரு திருட்டு வழக்கில் அகப்பட்டு, கூர்நோக்கு இல்லத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான். பையனின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. பிறர் குறையை மூடி வைக்கச் சொல்லும் தீனும் அனுமதிப்பதில்லை. அழைத்தால் தொழுகைக்கு வருகிறானாம். ஆனால் ஸஃப்பில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கழற்றி வைத்த செருப்பையும் செல்போனையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களாம். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் நாளை வா என்ற பதில்தான். இப்படிப்பட்டவன் தேறி வந்ததுண்டா என்பதே பெரியவரின் கேள்வி.

ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் சரிதையைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வழிப்பறிக்காரராக இருந்து தவ்பாச் செய்து, மக்காவில் இபாதத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 187ல் மறைந்த மகான் அவர். ஆனால் வலிமார்களின் வரலாறு என்றால், அது அவர்களுக்கு ஆகும், நமக்கு ஆகுமா என்று நாம் எளிதில் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆகவே நமக்குச் சற்று அருகில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னோம். அதையே நேயர்களுக்கும் எழுதுகிறோம்.

மால்கம் லிட்டில் 1925ம் ஆண்டு மே 19ம் நாள் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். கறுப்பு மக்கள் தலை நிமிர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். 1931ல் லான்சிங் நகரில் டிராம் வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் சிக்கி அவர் இறந்தார். வெள்ளை வெறியர்களின் வேலை என்று குடும்பத்தார் நம்பினர். ஏழு பிள்ளைகளோடு தாய் தனித்து நின்றார். பசி வந்தது. கடையில் தின்பண்டம் திருடும் பழக்கம் மால்கமுக்கு அந்தப் பசியில்தான் தொடங்கியது. 1939ன் தொடக்கத்தில் தாய் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகச் சிதறினர்.

பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மால்கம், பதின்மூன்று வயதில் மேசன் என்ற ஊரிலிருந்த சிறார் காப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இந்த இடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். அந்த இல்லம் கொடுமையான இடமல்ல. நடத்திய வெள்ளைத் தம்பதியர் அன்பானவர்கள். சீர்திருத்தப் பள்ளிக்குப் போக வேண்டிய பையனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர் நன்றாகப் படித்து வகுப்புத் தலைவராகவும் ஆனார். ஆனால் அதே தம்பதியர், அவர் அங்கே நிற்கும்போதே, அவர் இல்லாதது போல அவருடைய இனத்தை இழிவாகப் பேசுவார்கள். வக்கீலாக வேண்டும் என்று ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, அது உன் இனத்துக்கு நடக்காத காரியம், தச்சு வேலை பழகு என்ற கருத்தில் பதில் வந்தது. அன்றோடு மால்கமின் உள்ளம் அந்த ஊரை விட்டு விலகிவிட்டது. சோறு கிடைத்தது, படுக்கை கிடைத்தது, மதிப்பு கிடைக்கவில்லை. அதற்கு நேர்ந்த விலை பெரிது.

1941ல் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரி எல்லாவுடன் இருக்க பாஸ்டன் நகரம் போனார். அதற்குப் பிந்திய ஐந்தாண்டுகளை விரித்து எழுத நமக்கு விருப்பமில்லை. பூட்ஸ் துடைத்தல், ரயிலில் பலகாரம் விற்றல் என்று தொடங்கி, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் சூதாட்டம், போதைப்பொருள் என்று இறங்கி, வீடு புகுந்து திருடுவதில் முடிந்தது. திருடிய கைக்கடிகாரம் ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் 1946 ஜனவரியில் பிடிபட்டார். எட்டு முதல் பத்தாண்டுச் சிறை. அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

சார்ல்ஸ்டவுன் சிறை 1805ல் கட்டப்பட்ட பழங்கட்டடம். அறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது; மலஜலத்துக்கு ஒரு வாளிதான். கடவுளையும் வேதத்தையும் அவர் ஏசிய ஏச்சைக் கேட்டு உடனிருந்த கைதிகள் அவருக்கு ஷைத்தான் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே படிப்பாளியான மூத்த கைதி ஒருவர், மூளை இருக்கிறது, பயன்படுத்து என்று தூண்டி அவரைத் தபால் வழிப் பாடங்களில் சேரச் செய்தார். ஹிதாயத்துக்கு அல்லாஹ் வைக்கும் படிகள் எவ்வளவு விசித்திரமானவை! முதற்படி ஆங்கில இலக்கணமாக இருந்தது.

பின்னர் வந்தன கடிதங்கள். டெட்ராய்ட் நகரிலிருந்த அவருடைய சகோதர சகோதரிகள், எலைஜா முஹம்மது என்பவரின் இயக்கத்தில் சேர்ந்திருந்தார்கள். சகோதரர் ஃபில்பர்ட் எழுதிய முதல் கடிதத்துக்கு மால்கம் வசை நிறைந்த பதிலை அனுப்பினார். அவர்கள் விடவில்லை. தம்பி ரெஜினால்ட் உபதேசம் எதுவும் செய்யாமல், பன்றி இறைச்சி உண்ணாதே, சிகரெட் பிடிக்காதே, சிறையிலிருந்து வெளிவரும் வழியைக் காட்டுகிறேன் என்ற அளவில் எழுதினார். மறுமுறை உணவுக்கூடத்தில் இறைச்சித் தட்டு வந்தபோது மால்கம் அதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். அந்தச் சேதி சிறை முழுவதும் பரவியது.

சகோதரி எல்லாவின் முயற்சியால் 1948ல் நார்ஃபோக் சிறைக்கு மாற்றப்பட்டார். கைதிகளைத் திருத்துவதற்காகவே அமைந்த இடம் அது. பெரிய நூலகம் இருந்தது; பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள்; கைதிகளிடையே சொற்போர்கள் நடந்தன. கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடச் சரியான சொல் கிடைக்காத வெட்கத்தில் மால்கம் ஓர் அகராதியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு தாழ்வாரத்து வெளிச்சம் தம் அறைக்குள் விழும் இடத்தில் தரையில் அமர்ந்து படிப்பார். காவலர் வரும் சத்தம் கேட்டால் படுக்கையில் பாய்ந்து தூங்குவது போலக் கிடப்பார். அவர் பிற்காலத்தில் அணிந்த கண்ணாடி அந்த இரவுகளின் அடையாளம்.

ஆனால் படிப்பைவிடக் கடினமாக இருந்தது ஒன்று. பிரார்த்தனைக்காக முழங்கால் மடக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. பூட்டை உடைக்க எத்தனையோ முறை மண்டியிட்ட கால்கள் அவை. அல்லாஹ்வின் முன் மடிய மறுத்தன. தொழுகையை நாம் எவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறோம் என்று எண்ணும்போது இந்த ஒரு வாரம் நமக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த இயக்கத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது இஸ்லாத்தின் பெயரைச் சூடியிருந்தாலும், ஒரு மனிதரை இறைவன் என்றும், இறுதி நபி (ஸல்) அவர்களுக்குப் பின் வேறொருவரைத் தூதர் என்றும், வெள்ளையரெல்லாம் ஷைத்தான்கள் என்றும் கற்பித்தது. இவை நம் அகீதாவுக்கு முற்றிலும் மாறானவை. கொள்கை கோணலாக இருந்தது. என்றாலும் சிறைக்கு நாள் தவறாமல் கடிதம் எழுதியவர்கள் அவர்களே. மதுவையும் போதையையும் சூதையும் இளைஞர்களை விட்டு விரட்டியவர்களும் அவர்களே. நேரான கலிமாவைக் கையில் வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகளில் எத்தனை, கூர்நோக்கு இல்லத்திலிருக்கும் ஒரு பிள்ளைக்காக ஏதேனும் செய்திருக்கின்றன? இந்தக் கேள்வி நமக்கும் சேர்த்துத்தான்.

1952 ஆகஸ்ட் 7ம் நாள் மால்கம் பரோலில் வெளிவந்தார். டெட்ராய்டில் மரச்சாமான் கடை ஒன்றை நிர்வகித்த மூத்த சகோதரர் வில்ஃப்ரெட் அவருக்கு வேலையும் கொடுத்தார், தம் வீட்டில் இடமும் கொடுத்தார். வெளிவந்த கையோடு மால்கம் வாங்கிய பொருள்கள் மூன்று: நல்ல மூக்குக் கண்ணாடி, ஒரு கைப்பெட்டி, ஒரு கைக்கடிகாரம். கடிகாரத்தால் சிறை போனவர் காசு கொடுத்துக் கடிகாரம் வாங்கினார்.

அண்ணன் வீட்டு ஒழுங்கு அவரை வியக்க வைத்தது. காலையில் வில்ஃப்ரெட் முதலில் எழுந்து கைகால் கழுவிச் சுத்தம் செய்வார். பிறகு மனைவி, பிறகு பிள்ளைகள் என்று வரிசை. ஓட்டமும் கூச்சலும் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து வணங்குவார்கள். அவரைக் கண்டு பெட்டியைப் பூட்டியவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. சிறையில் கற்றது வெளியே நிலைத்ததற்கு இந்த வீடே காரணம் என்பது நம் கருத்து.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். 1954ல் ஹார்லம் வந்து, தாம் கெட்டுப்போன தெருக்களிலேயே நின்று இளைஞர்களை அழைத்தார். போதையிலிருந்து மீண்டவர்களைக் கொண்டே போதையில் கிடந்தவர்களை மீட்டார்கள். 1964 மார்ச்சில் இயக்கத்தை விட்டு விலகினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஜித்தா விமான நிலையத்தில் அதிகாரிகள், இவர் முஸ்லிம்தானா என்று உறுதிப்படுத்தும் வரை நிறுத்தி வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு மேடையில் முழங்கியவருக்கு முறைப்படி தொழத் தெரியவில்லை. வழிகாட்டி ஒருவர் நிலையையும் ருகூவையும் இருப்பையும் பிள்ளைக்குக் கற்பிப்பது போலக் கற்பித்தார். பழகாத கால் வலித்தது, அவர் வெட்கப்படவில்லை. வெள்ளைத் தோலுடைய ஹாஜிகளோடு ஒரே பாத்திரத்தில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கியபோது, வெள்ளையர் பற்றிய பழைய போதனை அவர் உள்ளத்திலிருந்து உதிர்ந்தது. அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயருடன் திரும்பினார்.

1965 பிப்ரவரி 21ம் நாள் நியூயார்க்கில் கூட்டமொன்றில் பேசத் தொடங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்தொன்பது. இஸ்லாமிய முறைப்படி கஃபனிடப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேரனின் வழக்குக் காகிதம் காலமெல்லாம் தொடருமா என்று கேட்டார். இந்திய மாகாணங்களில் முதன்முதலாகச் சிறார் சட்டம் இயற்றியது 1920ல் நம் சென்னை மாகாணம்தான். இன்று நடப்பிலிருக்கும் 2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட சிலர் நீங்கலாக, சிறுவயதுக் குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியும் போவதில்லை. பதிவேடுகளையும் உரிய காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. பிறகு மெல்ல, ஸஃப்பில் நிற்பவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியுமா என்று கேட்டார். நாம் பேசாமலிருந்தோம்.

அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பையனுக்காகப் பேசியிருக்கிறோம். ஒரு வாரம் யோசிக்கிறேன் என்றார். வாரம் கடந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை பையனையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே போக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.