மகுடி இல்லாமல் மகுடி வாசித்தவர்

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ நடக்கும் திருமண விருந்தில் கீபோர்டு கலைஞர் மகுடி இசையைத் தொடங்கினால் போதும், கைகளைப் படமெடுத்த பாம்பைப் போல் குவித்துக்கொண்டு யாராவது ஆட எழுந்துவிடுவார்கள். அந்த மெட்டை ஊரெல்லாம் பரப்பியது 1954-இல் வெளிவந்த 'நாகின்' என்ற இந்திப் படம். நம் வைஜெயந்திமாலா நடித்தது. அதில் கேட்பது உண்மையான மகுடி அல்ல, ஒரு மின்னணுக் கருவி. வாசித்தவர் கல்யாண்ஜி.

கல்யாண்ஜி விர்ஜி ஷா 1928 ஜூன் 30-இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் பிறந்தவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை மளிகைக் கடை வைத்தார். கடையில் பாக்கி வைத்திருந்த ஒருவர், கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தார் என்று சொல்வார்கள்.

வளர்ந்த பிறகு கல்யாண்ஜியின் கைக்குக் கிளாவியோலின் வந்தது. பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் உருவாக்கிய இக்கருவி, இன்றைய சின்தசைசருக்கு அண்ணன் முறை. பழைய வானொலிப் பெட்டிகளைப் போல வால்வுகளால் இயங்கியது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். விசைகளால் ஒலியின் தன்மையை மாற்றலாம். முழங்காலால் தள்ளும் நெம்புகோலால் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒற்றைச் சுரம் மட்டும் வரும் கருவி மகுடிக்குச் சரியாகப் பொருந்தியது. மகுடியிலும் மெட்டு வாசிக்கும் குழலில் ஒரு சுரம்தான் வரும். அதன் நெளிவையும் குழைவையும் கல்யாண்ஜியின் விரல்கள் கொண்டுவந்தன. பலர் அதை உண்மையான மகுடி என்றே நம்பினார்கள்.

அப்படத்தின் இசையமைப்பாளர் ஹேமந்த் குமாருக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. வாசித்த 26 வயது இளைஞரைப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அவர் சோர்ந்துவிடவில்லை. 1958-இல் 'சாம்ராட் சந்திரகுப்தா' படத்தின் மூலம் இசையமைப்பாளரானார். பிறகு தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து 'சரஸ்வதிசந்திரா'வுக்குத் தேசிய விருது பெற்றார். இருவரும் இசையமைத்த 'டான்' படமே தமிழில் ரஜினியின் 'பில்லா'வானது. பின்னர் அஜித் நடிக்க, அதே கதை நம் மலேசியாவிலேயே படமாக்கப்பட்டது. 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கல்யாண்ஜி, 2000 ஆகஸ்ட் 24-இல் காலமானார்.

'நாகின்' வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1962-இல், இங்கிலாந்தின் 'டெல்ஸ்டார்' பாடல் இதே கிளாவியோலின் ஒலியோடு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தக் கருவியின் அருமையைப் பம்பாய் முன்னதாகவே கண்டுகொண்டிருந்தது.

இன்று மடிக்கணினியில் அந்த ஒலியைக் கொண்டுவர நினைக்கும் மாணவர்களுக்கு வழி எளிது. மென்பொருளை ஒற்றைச் சுர முறையில் வையுங்கள். சற்றே ரீங்கரிக்கும் அலைவடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரால் கூர்மையைக் குறையுங்கள். மெல்லிய நடுக்கம் சேருங்கள். ஒலி ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் மகுடி வராது. அதற்கு முதலில் ஒரு மகுடியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், பிறகு விரல் படியும்வரை பழக வேண்டும். மளிகைக் கடைக்காரரின் மகன் செய்தது அதைத்தான்.