காற்றில் மிதந்த 23 கிலோ இரும்பு... கப்பல் பேரிங் பிறந்தது எப்படி? யார் இந்த ஆல்பர்ட் கிங்ஸ்பரி?

தூத்துக்குடி மாப்பிள்ளையூரணி பக்கம் இருப்பவர்களுக்கு கப்பல் புதுசு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்திருக்கிறீர்களா? புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது, அந்தத் தண்டு கப்பலை முன்னால் தள்ளுகிறது. அவ்வளவு விசையையும் வாங்கிக்கொண்டு, தண்டையும் சுற்றவிடுவது ஒரே ஒரு பேரிங். அதன் பின்னால் இருப்பவர் அமெரிக்கப் பொறியாளர் ஆல்பர்ட் கிங்ஸ்பரி.

இல்லினாய் மாநிலத்தில் பிறந்து, 1889-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அடுத்து நியூ ஹாம்ப்ஷயரில் பேராசிரியர் வேலை. அங்கே ஒரு சோதனை இயந்திரத்துக்காக 6 அங்குல விட்டமுள்ள பிஸ்டன் செய்தார். எடை சுமார் 23 கிலோ. சிலிண்டருக்குள் வைத்து கையால் சும்மா சுற்றிவிட்டால், நிற்காமல் சுற்றியது. எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை!

என்ன நடந்தது?

மழையில் பைக் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேல ஏறி வழுக்கும் இல்லையா, அதே கதைதான். சுற்றும் பிஸ்டன் காற்றை இழுத்து, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே அழுத்தம் கூடி, இரும்பு இரும்பைத் தொடாமல் மிதக்கிறது. இதை 1897-ல் கட்டுரையாக வெளியிட்டார் கிங்ஸ்பரி.

காற்று ரொம்ப மெல்லிசு, பெரிய பாரம் தாங்காது. காகிதம் மாதிரி லேசான பொருளுக்கு அது போதும். இன்று பூச்சுக் காகிதம் தயாரிக்கும் இயந்திரங்களில், ஈரம் காயாத தாளை உருளை தொட்டால் பூச்சு கெட்டுவிடும். அதனால் துளைகள் வழியே காற்றை ஊதி, தாளை மிதக்கவிட்டே திருப்புகிறார்கள். காற்றை வெளியிலிருந்து ஊதுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கப்பலுக்கு எண்ணெய் வேணும். தாங்கும் வளையத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றும் லேசாகச் சாயும்படி வைத்தார் கிங்ஸ்பரி. எண்ணெய் ஆப்பு போல உள்ளே நுழைந்தது. அவ்ளோதான்.

ஆனால் 1907-ல் காப்புரிமை கேட்டபோது சிக்கல். ஆஸ்திரேலியாவின் மிச்செல் என்பவர் தனியாக இதையே கண்டுபிடித்து, 1905-லேயே பிரிட்டனில் பதிவு செய்திருந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1898-லேயே தான் செய்த சோதனைகளை ஆதாரமாகக் காட்டி, 1910-ல்தான் கிங்ஸ்பரி அமெரிக்கக் காப்புரிமையை வாங்கினார். உழைப்பைவிட தேதிதான் கைகொடுத்தது!

அடுத்த சோதனை 1912 ஜூன். பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் அடிக்கடி பழுதான உருளை பேரிங்குக்குப் பதிலாக இவருடையது பொருத்தப்பட்டது. ஓடவிட்டதும் அதன் மேற்பரப்பு உருகித் தேய்ந்துவிட்டது. வேறொருவர் என்றால் அங்கேயே கதை முடிந்திருக்கும். கோளாறு வடிவமைப்பில் இல்லை, பரப்பின் வழவழப்பு போதவில்லை என்று கண்டறிந்து, தேய்த்துச் சீராக்கி மறுபடி பொருத்தினார். ஓடியது.

முதல் உலகப்போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களிலும் இந்த பேரிங் ஏறியது. கிங்ஸ்பரி 1943-ல் காலமானார். ஹோல்ட்வுட் பேரிங்கை 1987-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அப்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.