பழி பெண்ணுக்கு... தப்பிக்கும் ஆண்! 1863லேயே கேள்வி கேட்ட ஜோதிராவ் புலே செய்தது என்ன?

1863. புனேவில் பிராமணர்கள் வசித்த பகுதியின் சுவர்களில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. கர்ப்பமாக இருக்கும் விதவைகள் இங்கே வந்து ரகசியமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். குழந்தையைக் கூட்டிப்போவதா, விட்டுட்டுப் போவதா என்பது அவர்கள் விருப்பம். அதை ஒட்டவைத்தவர் ஜோதிராவ் புலே.

யார் இந்த புலே?

1827ல் பிறந்தவர். பூ, காய்கறி பயிரிடும் மாலி சாதியைச் சேர்ந்தவர். 13 வயதில் சாவித்ரிபாயுடன் திருமணம். மனைவிக்குத் தானே எழுத்து சொல்லிக்கொடுத்தார். 1848ல் புனேவில் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். பாடம் நடத்தப் போன சாவித்ரிபாய் மீது தெருவில் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். எதிர்ப்புக்குப் பயந்த அப்பா, 1849ல் இருவரையும் வீட்டை விட்டே அனுப்பினார். ஆனாலும் பள்ளி நிற்கவில்லை.

விதவைகளுக்கு என்ன நடந்தது?

சின்ன வயதிலேயே திருமணம், சின்ன வயதிலேயே விதவைக்கோலம். 1856ல் மறுமணச் சட்டம் வந்தும் உயர்சாதிக் குடும்பங்கள் கண்டுகொள்ளவில்லை. தலையை மழித்து வீட்டு மூலையில் உட்கார வைத்தார்கள். அதே வீட்டு ஆண்களிடமும் அக்கம்பக்கத்து ஆண்களிடமும் சிக்கிக் கர்ப்பமானால், அவளுக்கு மிஞ்சியது கருக்கலைப்பு, தற்கொலை, இல்லையென்றால் சிசுக்கொலை.

புலேவின் நண்பர் வீட்டில் சமையல் செய்த இளம் விதவைக்கும் இதுதான் நடந்தது. பக்கத்தில் இருந்த சாஸ்திரி ஒருவர் ஏமாற்றிக் கைவிட்டார். வேறு வழி தெரியாமல் பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டாள். அவளுக்கு அந்தமானில் ஆயுள் தண்டனை. அந்த ஆணுக்கு? ஒன்றுமே இல்லை.

இதுதான் புலேவை உலுக்கியது. தன் வீட்டு வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தைத் திறந்தார். பிரசவத்தையும் குழந்தைகளையும் சாவித்ரிபாய் பார்த்துக்கொண்டார். 1884ல் அரசுக்கு எழுதிய குறிப்பில், அதுவரை 35 விதவைகள் வந்ததாகப் புலே சொல்லியிருக்கிறார்.

சொந்த வீட்டில் எப்படி?

தம்பதிக்குக் குழந்தை இல்லை. அந்தக் காலத்தில் ஆணுக்கு இரண்டாம் கல்யாணம் சாதாரணம். உறவினர்கள் வற்புறுத்தியும் புலே மறுத்துவிட்டார். 1874ல் அந்த இல்லத்தில் ஒரு விதவைக்குப் பிறந்த குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அவர்தான் பின்னாளில் டாக்டரான யஷ்வந்த்.

கத்தியைக் கீழே வைத்த ஆண்கள்

விதவையின் தலையை மழிக்க உத்தரவு போட்டது குடும்பம். ஆனால் கத்தி பிடித்த கை இன்னொரு ஆணுடையது. புலே 1873ல் தொடங்கிய சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாயில் முடிதிருத்துவோரைத் திரட்டினார். இனி விதவைகளுக்கு மொட்டை போடமாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். கொடுமையைச் செய்யச் சொல்லும் ஆண் மட்டுமல்ல, செய்துகொடுக்கும் ஆணும் மறுக்கலாம் என்பதற்கு அது பெரிய உதாரணம்.

கடைசி ஊர்வலம்

1890 நவம்பர் 28ல் புலே காலமானார். தத்துப்பிள்ளை கொள்ளி வைக்கக்கூடாது என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். அப்போது தீச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவர் சாவித்ரிபாய். விதவை வெளியே தலைகாட்டவே கூடாது என்றிருந்த அதே புனேவில்!