தன் பெயரைப் போட முடியாத கிட்டார்க்காரர்

1970களின் கடைசியில் ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் இருந்த டோகாய் கம்பெனி ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை விற்பனைக்கு விட்டது. அதோட ஹெட்ஸ்டாக்கை, அதாவது கம்பி முறுக்குற சாவிகள் இருக்கிற தலைப்பகுதியை, நாலடி தள்ளி நின்னு பார்த்தா 'ஃபெண்டர்'னு எழுதியிருக்கிற மாதிரியே தெரியும். கிட்ட போனாதான் அது 'டோகாய்'. அதே வளைவு, அதே சாய்வு, அதே கையெழுத்து பாணி. கண்ணை ஏமாத்துறதுக்குன்னே வரைஞ்ச எழுத்து.

அதே வருஷங்களில் கலிஃபோர்னியாவில் எழுபது வயதை நெருங்கிய ஒரு மனிதர் தினமும் கிட்டார் செய்துகொண்டிருந்தார். பிறப்பிலேயே அவர் பெயர் ஃபெண்டர். ஆனா தான் செய்யும் கிட்டாருக்கு அந்தப் பெயரை பிராண்டாக வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அந்தப் பெயரை அவரே விற்றிருந்தார்.

பழைய ஜப்பான் நகல் கிட்டார் ஒண்ணு வாங்கணும்னு ஆசைப்படுற ஆட்கள் நம்ம காலேஜில் ஹாஸ்டலுக்கு ரெண்டு பேராவது இருப்பீங்க. சீரியல் நம்பர் பட்டியலைத் தேடுறதுக்கு முன்னாடி இந்த மனிதரோட கதையைத் தெரிஞ்சுக்கோங்க. எது ஒரிஜினல், எது நகல், எதுக்கு எவ்வளவு மதிப்பு என்கிற குழப்பமெல்லாம் இவர் வாழ்க்கையிலேயே இருக்கு.

லியோ ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தார். வீட்டில் ஆரஞ்சுத் தோட்டம். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கண்தான். பதின்மூன்று, பதினாலு வயதில் ரேடியோ பைத்தியம் பிடித்தது. வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் அனுப்பிய பழைய பாகங்கள்தான் தொடக்கம். பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் ரேடியோ ரிப்பேர்.

இவ்வளவு சொன்னதும் அடுத்து இவர் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்திருப்பார்னு நினைப்பீங்க. இல்லை. படித்தது கணக்கியல். ஒரு ஐஸ் கம்பெனியிலும் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கு எழுதினார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனது. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் ஊரில் ஒரு ரேடியோ கடை திறந்தார். ப்ளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நாம இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

அந்தக் கடைதான் எல்லாத்துக்கும் மூலம். ரேடியோ, கிராமஃபோன், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ரிப்பேருக்கு வரும். உள்ளூர் கன்ட்ரி இசைக்காரர்கள், ஹவாய் பாணி ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்கள் எல்லாரும் ராத்திரி கச்சேரியில் கெட்டுப்போன சாமானைக் காலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பொருள் எங்கே உடைகிறது, எந்த இடத்தில் சாலிடர் விடுகிறது, எதைத் திறக்க அரைமணி நேரம் ஆகிறது என்பதெல்லாம் லியோவுக்கு மேஜையிலேயே பாடமானது. டிசைன் பண்ணத் தொடங்கும் முன்பே மத்தவங்க டிசைனோட தப்புகளை வருஷக்கணக்கா பார்த்த ஆள் அவர்.

1945இல் டாக் காஃப்மன் என்பவரோடு சேர்ந்து ஸ்டீல் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்தார். அடுத்த வருஷம் காஃப்மன் விலக, ஃபெண்டர் கம்பெனி தனியாக வந்தது.

அன்றைய எலெக்ட்ரிக் கிட்டார்கள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. சத்தம் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே பாடியை அதிர வைத்து, ஊளையிட ஆரம்பிக்கும். நெக் பாடியோடு கோந்து போட்டு ஒட்டியிருக்கும். அது வளைந்தாலோ உடைந்தாலோ கைதேர்ந்த ஆசாரியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். லியோ செய்தது ரொம்ப நேரடியான காரியம். கெட்டியான ஒரு மரப்பலகை. அதை டெம்ப்ளேட் வைத்து ரூட்டரில் வெட்டு. மேப்பிள் மர நெக்கை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கு. கெட்டுப்போனால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வேற நெக் மாட்டு. வயரிங் பார்க்கணுமா, மேல் தகட்டைத் திற. சைக்கிள் கடைக்காரரோட மூளை அது. நான் குறைச்சு சொல்லல. இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு டிசைனருக்குக் கிடையாது.

1950இல் வந்த அந்த கிட்டாருக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய அதே பெயரில் கிரெட்ச் கம்பெனிக்கு ஏற்கெனவே டிரம் செட் இருந்தது. அவர்கள் ஆட்சேபித்தார்கள். லியோ புது ஸ்டிக்கர் அடிக்கக் காத்திருக்கவில்லை. இருந்த ஸ்டிக்கரில் மாடல் பெயர் இருந்த துண்டைக் கத்தரித்துவிட்டு, 'ஃபெண்டர்' மட்டும் ஒட்டி அனுப்பினார். 1951இல் சில மாதங்கள் வந்த அந்தப் பெயரில்லாத கிட்டார்களை 'நோகாஸ்டர்'னு சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். கத்தரிக்கோலால் வெட்டிய ஸ்டிக்கருக்காகவே விலை ஏறிய பொருள் உலகத்தில் வேற இருக்கான்னு தெரியல. புதுப் பெயர் 'டெலிகாஸ்டர்'. அது நிலைத்தது.

அதே 1951இல் பிரெசிஷன் பேஸ் வந்தது. 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர். டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்ற வாசிப்பவர்கள் குறை சொன்னதால், ஸ்ட்ராடோகாஸ்டரின் பின்பக்கம் உடம்போடு ஒட்டுற மாதிரி செதுக்கப்பட்டது. இத்தனைக்கும் லியோவுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் பியானோவும் சாக்ஸஃபோனும் கற்றதோடு சரி. தனக்குத் தெரியாததால்தான் வாசிக்கிறவங்க சொன்னதை அப்படியே காதில் வாங்கினார் என்று எனக்குத் தோணுது. புதுசா ஒண்ணு செய்தால் பக்கத்து ஊர் கிளப்பில் வாசிப்பவரிடம் கொடுத்துவிட்டு, என்ன சொல்றார்னு கேட்பார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. எவர் வேணும்னாலும் எளிதாகச் செய்யட்டும், எவர் வேணும்னாலும் கழற்றி ரிப்பேர் பண்ணட்டும் என்று ஒரு பொருளை டிசைன் பண்ணினால், எவர் வேணும்னாலும் அதை நகல் எடுக்கவும் முடியும். வயலின் மாதிரி குடைந்து, இழைத்து, ஒட்டிச் செய்யும் கிட்டாரை நகல் எடுக்கத் தலைமுறைத் தொழில் தெரிந்திருக்கணும். லியோவோட கிட்டாரை நகல் எடுக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வெர்னியர் காலிபரும் ஒழுங்கான மரப்பட்டறையும் போதும்.

1960களின் நடுவில் லியோவுக்கு நாள்பட்ட சைனஸ் தொற்று. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்துவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். பெயர், டிசைன், தொழிற்சாலை எல்லாம் சேர்த்து. விற்ற பிறகு வேறு டாக்டரிடம் போனார், குணமாகிவிட்டது. சினிமாவில் இப்படி ஒரு ட்விஸ்ட் வைத்தால் நம்ம ஆளுங்க கலாய்ப்போம்.

சிபிஎஸ் கையில் கம்பெனி பெரிசாச்சு. ஸ்ட்ராடோகாஸ்டரின் தலை 1965 கடைசியிலேயே பெருத்தது. 1971இல் அதன் நெக்கைப் பிடித்த நாலு ஸ்க்ரூ மூணாகக் குறைந்தது. 1970களில் கிட்டார்கள் கனத்தன, நெக் உட்காரும் குழி சரியாகப் பொருந்தவில்லை என்ற பேச்சு பரவியது. எல்லா கிட்டாரும் மோசம்னு சொல்ல முடியாது. ஆனா வாசிப்பவர்கள் 1965க்கு முந்தையதைத் தேட ஆரம்பித்தார்கள். அது பழசு, குறைவு, விலை அதிகம்.

இந்த இடைவெளியில்தான் ஜப்பான் உள்ளே வந்தது. மட்சுமோட்டோவில் 1960இல் தொடங்கிய ஃபூஜிஜென் கக்கி, ஹமாமட்சுவின் டோகாய், கிரெக்கோ பிராண்டை விற்ற கண்டா ஷோகாய் எல்லாம் அப்போதைய பெயர்கள். ஆரம்பத்து நகல்கள் பெரும்பாலும் உருவ ஒற்றுமை மட்டும்தான், உள்ளே பிளைவுட். 1970களின் கடைசியில் நிலைமை மாறியது. பழைய அமெரிக்க கிட்டார்களைப் பிரித்து, அளந்து, 1950களில் லியோ செய்தது போலவே செய்தார்கள். டோகாயின் 'ஸ்ப்ரிங்கி சவுண்ட்' அப்படி வந்ததுதான். அமெரிக்கத் தொழிற்சாலை லியோவின் டிசைனை விட்டு விலகிக்கொண்டிருந்தபோது, நகல் எடுத்தவர்கள் அதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஒரு பழைய ஜப்பான் கிட்டார் உங்க கைக்கு வருது. என்ன பார்ப்பீங்க? விற்கிறவர் முதலில் சொல்லும் வார்த்தை 'லாசூட் கிட்டார்' என்பதாக இருக்கும். அதை அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுடுங்க. கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், 1977இல் ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனி மேல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்கு போட்டது. அது கோர்ட்டுக்கு வெளியே சமரசமாக முடிந்தது. ஐபனெஸ் அதற்கு முன்பே தலை வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. அதில் ஃபெண்டருக்கு சம்பந்தமே இல்லை. ஸ்ட்ராடோகாஸ்டர் நகலைக் காட்டி லாசூட்னு சொன்னா, அது விலை ஏத்துற பேச்சு மட்டும்தான்.

ஒழுங்கான சோதனைக்கு லியோவே வழி வைத்திருக்கிறார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றுங்க. நெக் குழியிலும் பிக்கப் குழியிலும் மரத்தின் வெட்டுமுகத்தில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட், ஆரம்ப காலத்து மலிவு சரக்கு. கெட்டி மரம்னா மேலே பார்க்கலாம். நெக் அடியில் முத்திரை, எண் ஏதாவது இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரூ மில்லிமீட்டர் அளவா, இன்ச் அளவா? பிக்கப், வயரிங் பழசா, புது சாலிடர் மினுங்குதா? மாடல் எண் தெரிந்தால் இன்னும் நல்லது. டோகாய் எஸ்டி-50 என்றால் அன்றைய விலை 50,000 யென், எஸ்டி-100 என்றால் 1,00,000 யென். பேரிலேயே விலைச்சீட்டு. ஐபனெஸ்ஸில் 1975 கடைசியிலிருந்து சீரியலின் முதல் எழுத்து மாதம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். 'சி76' என்றால் 1976 மார்ச். ஆனா 1970களின் பல நகல்களில் சீரியலே கிடையாது. அது இல்லாததால் போலின்னு முடிவு கட்டாதீங்க.

ஹெட்ஸ்டாக்கைக் கடைசியாகப் பாருங்க, ஆனா கவனமாப் பாருங்க. பழைய பெயரைச் சுரண்டிவிட்டு 'ஃபெண்டர்' ஸ்டிக்கர் ஒட்டிய நகல்கள் நிறைய. நல்ல டோகாயை இப்படிச் செய்தால் அதன் மதிப்பு ஏறாது, இறங்கும். தன் பெயரோடு இருக்கும் நகல் நேர்மையான கிட்டார். பெயர் மாற்றியதும்தான் அது போலி. சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போட்டது. ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரெசிஷன் பேஸ் பாடி வடிவங்களை டிரேட்மார்க் ஆக்க ஃபெண்டர் கம்பெனி கேட்டபோது, 2009இல் அமெரிக்க டிரேட்மார்க் அமைப்பு மறுத்துவிட்டது. அந்த வடிவங்கள் ஏற்கெனவே பொதுவாகிவிட்டன. ஹெட்ஸ்டாக் மட்டும் கம்பெனியிடம் தங்கியது.

சிபிஎஸ் தாமதமாகத்தான் விழித்தது. 1981இல் யமஹாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து பில் ஷுல்ட்ஸ் முதலானவர்களைக் கொண்டுவந்தது. அவர்கள் நகல் எடுத்தவர்களோடு சண்டை போடுவதை விட, அவர்களையே வேலைக்கு அமர்த்தினார்கள். 1982இல் கண்டா ஷோகாய், யமானோ கக்கி ஆகியவற்றோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியது. செய்தது ஃபூஜிஜென். நேற்று வரை கிரெக்கோ நகல் செய்த அதே பட்டறையில் இன்று அதிகாரபூர்வ ஃபெண்டர். 1982 முதல் 1984 வரை வந்த, 'ஜேவி' என்று தொடங்கும் சீரியல் உள்ளவற்றுக்கு இன்றும் தனி மவுசு. 1985இல் ஷுல்ட்ஸ் குழு சிபிஎஸ்ஸிடமிருந்து கம்பெனியை வாங்கியபோது ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. புது ஆலை எழும் வரை ஃபெண்டர் கிட்டார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்துதான் வந்தது. அப்போ எது ஒரிஜினல்?

லியோ இதற்குள் வேறு இடத்தில் இருந்தார். விற்பனை ஒப்பந்தப்படி பத்து வருஷம் போட்டித் தொழில் செய்யக்கூடாது. அது முடிந்ததும் 1975இல் மியூசிக் மேன் கம்பெனிக்குத் தலைவரானார். 1976இல் ஸ்டிங்ரே பேஸ் வந்தது. பிறகு பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல். ஜார்ஜ் அண்ட் லியோ. பெயரின் மீதி பாதியைத்தான் விற்றாச்சே.

1985இல் ஜி அண்ட் எல் ஒரு கிட்டார் விட்டது. தன் முதல் கிட்டாரின் தொடர்ச்சி என்பதால் லியோ அதற்கு வைத்த பெயர் பிராட்காஸ்டர். முப்பத்தைந்து வருஷம் முன்னால் டிரம் கம்பெனி பறித்த பெயர். இந்தத் தடவை ஆட்சேபித்தது ஃபெண்டர் கம்பெனி. அந்தப் பெயரோட பின் பாதியைக் கேட்டா டெலிகாஸ்டரை நினைக்கத் தோணும், குழப்பம் வரும் என்கிற ரகம். 1986இல் அது 'ஏசாட்' ஆனது. பிராட்காஸ்டர் என்று அச்சிட்ட அந்த ஒரு வருஷத்து ஜி அண்ட் எல் கிட்டார்களையும் இப்போ சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

கடைசி வருஷங்களில் பார்கின்சன் நோய். கை நடுங்கியது. ஆனாலும் பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை. பிக்கப்பில் இன்னும் ஏதோ மாற்றணும், பிரிட்ஜில் இன்னும் ஏதோ சரிசெய்யணும். இறப்பதற்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போனார். 1991 மார்ச் 21 அன்று காலமானார். ஜி அண்ட் எல் பட்டறை இருந்த தெருவுக்கு ஏற்கெனவே ஃபெண்டர் அவென்யூ என்று பெயர்.