ஸர் ராஜேந்திரநாத் முகர்ஜியும் ஹௌரா பாலமும்

சென்னை மெயிலில் வந்து ஹௌரா நிலையத்தில் இறங்கும் தமிழ் மக்களின் கண்ணில் முதலில் படுவது, ஹூக்ளி நதியின் மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புப் பாலமே. நாள்தோறும் அதனைக் கடந்து ரயில்வே அலுவலகம் செல்லும் நாமும், அதன் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பெரியாரை நெடுங்காலம் அறியாதிருந்தோம். அவரை நம் சங்கத்து அன்பர்கட்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராஜேந்திரநாத் முகர்ஜி 1854ஆம் ஆண்டு, பஷீர்ஹாட்டை அடுத்த பியாப்லா என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் அன்னையாரே. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிற் பொறியியல் பயிலத் தொடங்கினார். ஆயினும் உடல்நலம் குன்றியமையால் பட்டம் பெறாமலே படிப்பை நிறுத்த நேர்ந்தது.

அவர் இருபது வயது இளைஞராயிருந்த 1874ஆம் ஆண்டில், பிராட்ஃபோர்டு லெஸ்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர் அமைத்த மிதவைப் பாலம் ஹூக்ளியின் மீது திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்லுங்கால் அதன் நடுப்பகுதியை விலக்கி வழிவிடுவர். அதுவரை வண்டிகளும் மக்களும் இருகரையிலும் காத்து நிற்க வேண்டும்.

பட்டமில்லாத அவ்விளைஞர் மனந்தளரவில்லை. நகருக்குக் குடிநீர் வழங்கும் பல்தா நீர்நிலையப் பணியை ஒப்பந்தத்தில் ஏற்றுத் திறம்பட முடித்தார். 1892ஆம் ஆண்டில் ஆக்வின் மார்ட்டின் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து மார்ட்டின் கம்பெனியைத் தொடங்கினார். ஹௌரா–ஆம்தா சிறு ரயில் பாதை அக்கம்பெனியார் நடத்தியதே. 1971ஆம் ஆண்டில் மூடப்படும் வரை அது நாட்டுப்புற மக்களை நகரோடு இணைத்து வந்தது. 1921ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டியவரும் அவர்களே. ஸர் பட்டம் 1911ஆம் ஆண்டில் அவரைத் தேடி வந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரேயாவார்.

இதற்கிடையே நகரம் பெருகிற்று; மிதவைப் பாலம் போக்குவரத்தைத் தாங்க இயலாதாயிற்று. புதிய பாலம் பற்றி ஆராய 1921ஆம் ஆண்டில் ஒரு பொறியாளர் குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், பொறியியற் பட்டம் பெறாத நம் ராஜேந்திரநாதரே! பணி எளிதன்று. ஆற்றினுள் தூண்களை நாட்டினால் நீரோட்டம் மாறி, வண்டல் படிந்து, துறைமுகம் கெடும் என்னும் அச்சம் இருந்தது. குழுவினர் இங்கிலாந்தின் பேஸில் மாட் என்னும் வல்லுநரையும் கலந்து, தம் அறிக்கையை அளித்தனர். பாலத்திற்கான சட்டம் 1926ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. மீண்டும் ஆராய்ச்சி, மீண்டும் திருத்தம் என்று ஆண்டுகள் கழிந்தன.

1936ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ராஜேந்திரநாதர் மறைந்தார். அப்போது, இன்று நாம் காணும் பாலத்தின் கோபுரங்கள் எழவில்லை. பின்னர் எழுந்த அப்பாலம், 26,500 டன் எஃகினால், கோபுரங்களுக்கிடையே ஆற்றில் ஒரு தூணுமின்றி 1,500 அடி தாவி நின்றது. அவ்வெஃகில் 23,000 டன் நம் நாட்டு டாடா ஆலையின் உருக்கு. போர்க்காலமாதலால், 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ஆரவாரமின்றித் திறக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டில் கவி ரவீந்திரரின் பெயரை அதற்குச் சூட்டினர், அது தகுதியே. ஆனால் குழுவின் தலைவர் தாம் ஆராய்ந்த பாலத்தின் மீது ஓரடியும் வைத்தாரில்லை.

மெட்ரிகுலேஷன் படிப்போடு கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நமக்கு, இவ்வரலாறு இரண்டு ஆறுதல்களைத் தருகின்றது. பட்டம் கிட்டாமையால் ஒருவனது வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பது ஒன்று. இரும்பாகு முன் இப்பாலம் பல்லாண்டுகள் காகிதமாகவே இருந்தது என்பது மற்றொன்று. தாம் காண இயலாத பயனுக்காகக் காகிதத்தில் நேர்மையாக உழைப்பவரும் பாலம் கட்டுபவரே.

அன்பர்கள் அடுத்த முறை ஹௌரா பாலத்தைக் கடக்குங்கால், அப்பெரியாரைச் சற்றே நினைவு கூர்வார்களாக.